சூடு, பார்லி, மாத்திரை: நீர்க்கடுப்பு வந்த வாரத்தில் தட்டிலும் தம்ளரிலும் என்ன இருக்கலாம்

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வேலைக்குப் போகிற வழியில், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் வழக்கமான தேநீரை விட்டுவிட்டுச் "சூடா ஒரு பார்லி" கேட்டேன். பானக்கடைச் சீன ஆன்டி என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "ஹீட்டி ஆ?" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மலாய் மக்சிக், கேட்காமலே "பாடான் பானாஸ்", அதாவது உடம்புச் சூடு, என்று தலையாட்டினார். முந்தின இரவே வீட்டில் பெரியம்மா "சூடு பிடிச்சிருக்கு, வேறென்ன" என்று தீர்ப்பு எழுதிவிட்டிருந்தார். மூன்று மொழியிலும் ஒரே நோய், ஒரே மருந்து.

அன்று எனக்கு அரை மணிக்கு ஒருமுறை கழிவறைக்கு ஓட வேண்டியிருந்தது. போனால் நாலு சொட்டு, அதுவும் எரிச்சலோடு. அடிவயிறு கனத்துக் கிடந்தது. பார்லி குடித்தேன், இளநீர் குடித்தேன், மறுநாளும் அதையே செய்தேன். வியாழன் மதியம்தான் கிளினிக்குப் போனேன். சிறுநீரில் ஒரு பட்டையை முக்கி எடுத்துப் பார்த்த டாக்டர் "இன்ஃபெக்ஷன்" என்றார். மாத்திரை கொடுத்தார். எரிச்சல் மறுநாளே பாதியாகக் குறைந்தது. வீடு திரும்பி, "எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது" என்று தேட ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, இந்த ஒரு நோய்க்கு ஊர் வைத்திருக்கும் பத்தியப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று. கோப்பி கூடாது, காரம் கூடாது, புளி கூடாது, கோழி கூடாது, தக்காளி கூடாது, கத்திரிக்காய் கூடாவே கூடாது. அதில் எது நிஜம், எது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்க்கிற முயற்சிதான் இது.

முதலில் அந்தச் சூடு. தமிழில் நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, சூட்டுக்கடுப்பு என்று பல பெயர். எல்லாமே நமக்கு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும் பெயர்கள். ஏன் வந்தது என்று அவை சொல்வதில்லை. பெரும்பாலான நீர்க்கடுப்புக்குக் காரணம் நம் குடலில் குடியிருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் அதன் கைவரிசைதான். குடலில் இருக்கும்வரை பெரிதாகத் தொல்லை தராது. அங்கிருந்து நகர்ந்து சிறுநீர்த்தாரைக்குள் ஏறினால்தான் வம்பு. பெண்களுக்கு அந்தத் தாரை சுமார் 4 சென்டிமீட்டர் நீளம், ஆண்களுக்கு சுமார் 20. பெண்களில் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருவதற்கு இந்த 16 சென்டிமீட்டர் வித்தியாசம் ஒரு பெரிய காரணம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு நடுவே இருக்கும் புல்வெளியில் குறுக்கே நடந்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கால்சட்டையின் ஓரமெல்லாம் ஒட்டுப்புல்லின் முள்விதை. தண்ணீரில் அலசினால் போகாது, ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஈ.கோலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதன் உடலைச் சுற்றி நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அவற்றின் நுனி, சிறுநீர்ப்பைச் சுவரில் இருக்கும் மேனோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டபின் பெருகும். வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடிய ஜீவன் அது. உடம்பு அதை எதிர்க்கப்போய் சுவர் வீங்கிச் சிவக்கிறது. அந்தப் புண்பட்ட சுவரின்மேல் சிறுநீர் படும்போது எரிகிறது. அதுதான் நாம் சொல்லும் சூடு. உடம்பில் வெப்பம் ஏறியதால் வந்த கோளாறு இல்லை. ஆகவே நேற்றுச் சாப்பிட்ட மாம்பழத்தையோ மட்டன் பிரியாணியையோ குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

இருந்தாலும் சூடு என்ற விளக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். காரணம் தவறு என்றாலும் அது கைகாட்டும் வழி பாதி சரி. சூடு என்றால் குளிர்ச்சியாகக் குடிக்க வேண்டும், நிறையக் குடிக்க வேண்டும். நிறையக் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும், எரிச்சல் குறையும். அடிக்கடி பை காலியாகும், இன்னும் ஒட்டாத கிருமிகள் அடித்துக்கொண்டு போகும். மூன்று பாட்டிமார்களும் கண்டுபிடித்தது அதைத்தான். மீதிப் பாதியில்தான் சிக்கல். இரண்டு நாள் பார்லியிலேயே ஓடிவிடுகிறது, டாக்டரிடம் போவது தள்ளிப்போகிறது. நானே அதற்குச் சாட்சி.

தண்ணீர்

இந்த முழு விஷயத்திலும் உணவு, பானம் என்ற பக்கத்தில் நல்ல ஆதாரம் உள்ளவற்றில் முதலில் சொல்ல வேண்டியது வெறும் தண்ணீரைத்தான். பல்கேரியாவில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லாருமே நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறைவாகக் குடிப்பவர்கள். பாதிப் பேரிடம், வழக்கமாகக் குடிப்பதற்கு மேல் இன்னும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால், பழையபடி இருந்தவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை தொற்று வந்திருந்தது. கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 முறை. அதில் மூலிகையோ மாத்திரையோ கிடையாது, தண்ணீர் மட்டும்.

கவனிக்க வேண்டியது, அவர்கள் ஏற்கெனவே குறைவாகக் குடித்தவர்கள். நாளைக்கு இரண்டரை லிட்டர் குடிக்கிற ஒருவர் இன்னும் ஒன்றரை லிட்டர் சேர்த்தால் அதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சிங்கப்பூரில் குறைவாகக் குடிப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வெளியே 32 டிகிரி, அலுவலகத்தில் போர்வை கேட்கிற குளிர். தாகம் எடுப்பதே இல்லை. காலையில் ஒரு கோப்பி, மதியச் சாப்பாட்டோடு ஒரு லைம் ஜூஸ், மாலை நாலு மணிக்கு இன்னொரு கோப்பி, அவ்வளவுதான். பள்ளியில் அடுத்தடுத்துப் பாடம் எடுக்கும் ஆசிரியைகள், கடையில் நிற்கும் பெண்கள், டாக்ஸி ஓட்டுபவர்கள் எல்லாம் கழிவறைக்குப் போக முடியாது என்பதற்காகவே குடிப்பதைக் குறைக்கிறார்கள். எரிச்சல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போனால் எரிகிறது என்று பயந்து குடிப்பதை இன்னும் குறைப்பார்கள். சிறுநீர் இன்னும் கெட்டியாகும், இன்னும் எரியும்.

எவ்வளவு குடிப்பது? சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிற அளவு போதும். பலருக்கு அது நாளைக்கு இரண்டு லிட்டரைச் சுற்றி வரும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு அதற்கும் மேல். குழாய்த் தண்ணீரே போதும், இந்த ஊரில் அதை அப்படியே குடிக்கலாம்.

அதே சமயம், "நிறையக் குடி" என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. லண்டனில் 59 வயதுப் பெண் ஒருவர், நீர்க்கடுப்புக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்ன பழைய ஆலோசனையை நினைவில் வைத்து ஒரே நாளில் பல லிட்டர் குடித்தார். கை நடுங்கி, வாந்தி எடுத்து, பேச்சுக் குழறி மருத்துவமனைக்கு வந்தார். ரத்தத்தில் சோடியம் 135-க்கு மேல் இருக்க வேண்டியது 123-க்கு இறங்கியிருந்தது. தண்ணீரைக் கட்டுப்படுத்தித்தான் காப்பாற்றினார்கள். 2016-ல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. இதய பலவீனம் உள்ளவர்களுக்கும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும், நீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் "நாளைக்கு மூன்று லிட்டர்" என்ற ஆலோசனை பொருந்தவே பொருந்தாது.

பார்லி, இளநீர், மோர், மூலிகை

பார்லிக்கு வருவோம். பார்லித் தண்ணீர் கிருமியைக் கொல்லாது. அதில் இருக்கும் நல்லது பெரும்பாலும் தண்ணீர்தான், கூடவே கொஞ்சம் நார்ச்சத்து. வெறும் தண்ணீர் தொண்டையில் இறங்காதவர்களுக்கு அது ஒரு நல்ல வாகனம், அந்த அளவில் எனக்குப் பிடிக்கும். ஆனால் வெளியே வாங்கும் பார்லி பெரும்பாலும் பார்லி வாசம் வீசும் சீனித் தண்ணீர். பொட்டலத்தில் வருவதை வாங்குகிறவர்கள் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள். 2022 டிசம்பர் முடிவிலிருந்து பொட்டலப் பானங்களுக்கும், அதற்கு ஒரு வருடம் கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் வந்த தரக்குறி அது. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி போனால் 'சி', 10 கிராமைத் தாண்டினால் 'டி'. 100 மில்லிக்கு 5 கிராம் என்பதே அரை லிட்டர் போத்தலில் 25 கிராம் ஆகிவிடும், அதாவது ஐந்து தேக்கரண்டி. கோப்பிக்கடையில் சீனியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்தான். ஆனால் பார்லியைக் காலையிலேயே அண்டாவில் சீனி போட்டுக் காய்ச்சி வைத்திருப்பார்கள், அப்புறம் எங்கே குறைப்பது?

வீட்டில் செய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஒரு கைப்பிடி பார்லியை நாலைந்து முறை கழுவி, இரண்டு லிட்டர் தண்ணீரில் இரண்டு பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு இட்டு, அடுப்பைத் தணித்து முக்கால் மணி நேரம் விடுங்கள். தண்ணீர் லேசாகக் கலங்கிப் பால் நிறத்துக்கு வரும், சமையலறை முழுக்கப் பாண்டான் மணக்கும். ஆறியதும் வடிகட்டினால் ஆயிற்று. சீனி இல்லாமலே குடிக்க முடிகிறது என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சீனிக்கு ஏன் இவ்வளவு பேச்சு? சீனி சாப்பிட்டால் கிருமிக்குத் தீனி என்று ஒரு கருத்து உலவுகிறது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு இது சரியில்லை. ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டும்வரை சிறுநீரகம் அதைச் சிறுநீருக்குள் விடுவதில்லை. ஒரு குலாப் ஜாமூன் சாப்பிட்டதால் சிறுநீர் இனிக்காது. ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் கதை வேறு. அவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பும் கூடுதல், வந்தால் சிறுநீரகம்வரை ஏறும் வாய்ப்பும் கூடுதல். 2016-ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்த ஊர் இது. இங்கே இந்தியர்களிடையே நீரிழிவு மற்றவர்களைவிட அதிகம் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததே. அந்த வீடுகளில் "சூடு தணிய" என்று நாளைக்கு நாலு கிளாஸ் இனிப்புப் பார்லி கொடுப்பது, வைத்தியம் என்ற பெயரில் நோய்க்கு உதவி செய்வதுதான். காய்ச்சலோ தொற்றோ வந்தாலே சர்க்கரை அளவு தானாக ஏறும். அந்த வாரத்தில் ஊசி குத்திப் பார்ப்பதைக் கூட்ட வேண்டும்.

இளநீர் இதைவிட நல்லதுதான், சீனி குறைவு. ஆனால் பொட்டாசியம் அதிகம், 100 மில்லியில் சுமார் 250 மில்லிகிராம். நல்ல சிறுநீரகம் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஆகும். இதில் ஒரு குறிப்பிட்ட கூட்டணியைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் மருந்துகளில் கோட்ரைமாக்சசோல் என்று ஒன்று உண்டு, பழைய காலத்து சல்ஃபா மாத்திரை வகை. அது உடம்பிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கும். ரத்த அழுத்தத்துக்காக எனலாப்ரில், லோசார்ட்டன் மாதிரி '-ப்ரில்', '-சார்ட்டன்' என்று முடியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் தங்கும். இரண்டும் சேர்ந்த வயதானவர் ஒருவருக்கு, அன்பாகத் தேக்கா சந்தையிலிருந்து தினமும் இரண்டு இளநீர் வெட்டி வாங்கி வந்து கொடுத்தால், மூன்று பக்கமிருந்தும் பொட்டாசியம் ஏறும். அது இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய விஷயம். இளநீரைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. மாத்திரையின் பெயரைப் பார்த்துவிட்டு மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டபின் வெட்டச் சொல்கிறேன்.

மோரும் தயிரும் தாராளமாகச் சேர்க்கலாம். 2003-ல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், புளித்த பால் பொருள்களை வாரத்துக்கு மூன்று முறையாவது சாப்பிட்ட பெண்களுக்கு நீர்க்கடுப்பு குறைவாக வந்திருந்தது. அது சாப்பாட்டுப் பழக்கத்தை ஒப்பிட்ட ஆய்வு, தயிர்தான் காரணம் என்று நிரூபித்ததில்லை. இருந்தாலும் தயிர்சாதத்துக்கு எதிராக யார் வழக்குப் போடப்போகிறார்கள்? ஆன்டிபயாட்டிக்கால் வயிறு கலங்கியிருக்கும் நாளில் அது இறங்குகிற மாதிரி வேறெதுவும் இறங்குவதில்லை. ஒரே ஒரு நிபந்தனை, அதைக் கீழே சொல்கிறேன்.

நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை எல்லாம் சித்த மருத்துவத்தில் நீர் பெருக்கும் மூலிகைகள். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அதே சிறுபீளைதான். நீரைப் பெருக்கும் என்பதோடு அவற்றின் பங்கு முடிகிறது, கிருமிக்கு எதிராக ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றாக நிற்கும் என்று காட்டிய ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை. ஊரிலிருந்து வரும் பொடியில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதும் வேறு கேள்வி.

கிரான்பெரி

சூப்பர்மார்க்கெட்டில் நான் அந்தச் சிவப்புப் போத்தலை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவை திரும்ப வைத்தேன். கிரான்பெரியில் இருக்கும் ஒரு வகைத் துவர்ப்புப் பொருள், ஈ.கோலை சுவரில் ஒட்டுவதைத் தடுக்கிறது. ஒட்டுப்புல்லின் முள்ளை மழுங்கடிப்பது மாதிரி. ஆய்வுகள் பல வருடம் இழுபறியாக இருந்தன. 2012-ல் கோக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்து "பெரிய பலன் தெரியவில்லை" என்றது. 2023-ல் 50 ஆய்வுகள், கிட்டத்தட்ட 8,900 பேர் என்று மறுபடி பார்த்தபோது தீர்ப்பு மாறியது. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு, மறுபடி வரும் வாய்ப்பை அது சுமார் நாலில் ஒரு பங்கு குறைக்கிறது. குழந்தைகளுக்குப் பாதிக்கும் மேல். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பலன் தெரியவில்லை.

இது வராமல் தடுப்பது பற்றிய கணக்கு. வந்து எரிந்துகொண்டிருக்கும்போது கிரான்பெரி குடித்தால் தொற்று போகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஏற்கெனவே முளைவிட்டு வேர்பிடித்த விதையிடம் முள்ளை மழுங்கடித்து என்ன பயன்? அதோடு நாம் வாங்கும் சிவப்புப் போத்தல் பெரும்பாலும் 'காக்டெயில்' வகை. சாற்றின் பங்கு குறைவு, சீனி நிறைய. தடுப்புக்காக எடுப்பவர்கள் சீனி இல்லாத மாத்திரை வடிவத்தைப் பார்க்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

டி-மேனோஸ் என்ற பொடியும் இணையத்தில் சக்கைப்போடு போடுகிறது. கிருமியின் மயிர்கள் சுவரில் இருக்கும் மேனோஸை விட்டுவிட்டுப் பொடியிலிருக்கும் மேனோஸைப் பிடித்துக்கொள்ளும் என்ற அழகான யோசனை. பிரிட்டனில் 598 பெண்களுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். பொடி சாப்பிட்டவர்களில் 51 சதவீதம் பேர் மறுபடி நீர்க்கடுப்பு என்று டாக்டரிடம் போனார்கள், வெறும் பொய்ப்பொடி சாப்பிட்டவர்களில் சுமார் 56 சதவீதம். வித்தியாசம் தற்செயலாகக்கூட வரக்கூடிய அளவுதான். 2024-ல் வெளிவந்த முடிவு அது. காசு மிச்சம்.

மாத்திரையும் மைலோவும்

எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பயன்பட்டது இந்தப் பகுதிதான். "எதைச் சாப்பிடலாம்" என்பதைவிட "எந்த மாத்திரையோடு எதை" என்ற கேள்விக்கே பதில் கைமேல் பலன் தருகிறது. பத்தியப் பட்டியல்களில் இது மட்டும் இருப்பதே இல்லை.

தொற்றுக்கு டாக்டர் நைட்ரோஃபுரான்டாயின் என்ற மாத்திரையைக் கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், உடம்பில் சேர்வதும் குறையும். சிறுநீர் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும், பயப்பட வேண்டாம். ஃபாஸ்போமைசின் என்றால் ஒரே ஒரு பொட்டலம், மூன்று கிராம், தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. அது நேர் எதிர், வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, இரவு படுக்குமுன் சிறுநீர் கழித்துவிட்டுக் குடித்தால் மருந்து பையிலேயே நெடுநேரம் தங்கி வேலை செய்யும்.

சிப்ரோஃப்ளாக்சசின்தான் பாலுக்கு எதிரி. சாதாரண நீர்க்கடுப்புக்கு இதை முதலில் எடுப்பதில்லை, ஆனால் தொற்று மேலே ஏறியவர்களுக்கும் சில ஆண்களுக்கும் கொடுப்பதுண்டு. பாலில் இருக்கும் கால்சியம் மருந்தைக் கட்டிப்போட்டுவிடும், குடல் உறிஞ்சாது. காலையில் ஒரு மைலோவோ தே தாரிக்கோ குடித்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினால் மருந்தில் கணிசமான பங்கு வீண். தயிருக்கும் அதே நிபந்தனை, கால்சியம் மாத்திரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நெஞ்செரிச்சல் மருந்துக்கும் அதே நிபந்தனை. இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ போட வேண்டும். இன்னொன்று, இந்த மருந்து கல்லீரலில் கஃபீன் கரைவதை மெதுவாக்கும். வழக்கமான இரண்டு கோப்பியே நாலு கோப்பி மாதிரி வேலை செய்யும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும், அதையும் "சூடு" என்று சொல்லிவிடுவார்கள்.

கிளிபிஸைட், கிளிக்கிளசைட் மாதிரி சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் கோட்ரைமாக்சசோலோ சிப்ரோஃப்ளாக்சசினோ எடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அதே வாரத்தில் பத்தியம் என்று சோற்றைப் பாதியாகக் குறைத்து வெறும் கஞ்சியில் இருந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் உறவில் ஓர் அத்தை வியர்த்து மயங்கியது இப்படித்தான். சர்க்கரை மாத்திரை அதே, தொற்றுக்கு மாத்திரை புதிது, சாப்பாடு மட்டும் அரை வயிறு. பத்தியம் வைக்கிறோம் என்று பட்டினி போடுவது இந்த நோய்க்கு எந்த விதத்திலும் மருந்து இல்லை.

எரிச்சலைத் தணிக்க மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக்கிற பொட்டலப் பொடியைப் பற்றியும் ஒரு வரி. அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும், சிலருக்கு இதமாக இருக்கும். ஆனால் நைட்ரோஃபுரான்டாயினின் வேலையை மந்தமாக்கும், சிப்ரோஃப்ளாக்சசினோடு சேர்த்தால் சிறுநீரில் படிகம் விழ இடம் கொடுக்கும். சோடியமும் இருக்கும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோப்பி, காரம், புளி

இவை கிருமியை வளர்ப்பதில்லை. புண்பட்ட பையைச் சீண்டுகின்றன, அவ்வளவே. கஃபீன் பையை அடிக்கடி சுருங்க வைக்கும், ஏற்கெனவே அரை மணிக்கொருமுறை ஓடுகிறவரை இன்னும் ஓட வைக்கும். மூன்று நாலு நாள் கோப்பியைக் குறைத்துக்கொண்டால் நிம்மதி. முழுக்க நிறுத்தினால் தலைவலி வரும், அந்தத் தலைவலியோடு அலுவலகத்தில் உட்கார்ந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மதுவையும் அந்த வாரம் தள்ளி வைப்பது நல்லது, அது நீரை வற்றவைக்கும்.

காரத்துக்கு எதிரான ஆதாரம் நாம் நினைக்கிற அளவு கிடையாது. வாயில் எரிகிற மிளகாய் சிறுநீரிலும் எரியும் என்பது கற்பனை, அந்தக் காரப்பொருளில் பெரும்பகுதியைக் கல்லீரல் முன்பே உடைத்துவிடும். சிலருக்குச் சீண்டும், சிலருக்குச் சீண்டாது. எனக்குச் சம்பால் ஒன்றும் செய்யவில்லை, எலுமிச்சைச் சாறுதான் செய்தது. அவரவர் உடம்பை அவரவர் கேட்டுக்கொள்வதுதான். ரசம்சாதம், இட்லி, ஒரு கீரைப் பொரியல், ஒரு பழம் என்று சாதாரணமாகச் சாப்பிடலாம். கீரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மலச்சிக்கல் இருந்தால் நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும், பை முழுசாகக் காலியாகாது. குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வந்தால் டாக்டர்கள் முதலில் மலம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பது இதனால்தான்.

கோழி பற்றிய பேச்சில் மட்டும் ஒரு துளி உண்மை இருக்கிறது, ஆனால் சூட்டுக்காக இல்லை. பச்சைக் கோழியில் இருக்கும் சில ஈ.கோலை இனங்கள், மனிதர்களுக்கு நீர்க்கடுப்பைத் தரும் இனங்களோடு ஒத்துப்போகின்றன. கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்காமல் இருந்தால், கோழியை நன்றாக வேகவைத்தால் அந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தைவானில் 9,700-க்கும் மேற்பட்ட பௌத்தர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று 16 சதவீதம் குறைவாக வந்தது. இதைக் கேட்டதும் பெரியம்மா மூன்று நாள் தலைநிமிர்ந்து நடந்தார். அவர் ஆயுள் சைவம்.

நோன்பு மாதத்தில் வந்தால் கொஞ்சம் கூடுதல் யோசனை வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே எந்த வருடமானாலும் நோன்பு நேரம் சுமார் பதின்மூன்றரை மணி. அவ்வளவு நேரம் தண்ணீர் இல்லாமல் தொற்றோடு இருப்பது கடினம். உடல்நலம் சரியில்லாதவர் நோன்பை விட்டுப் பின்னர் ஈடுசெய்ய மார்க்கமே இடம் கொடுக்கிறது. பிடித்தே தீருவேன் என்பவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லி, நாளுக்கு இரண்டு வேளை மாத்திரையாகக் கேட்கலாம். நோன்பு திறந்தபின் கஞ்சியோடு நிறுத்தாமல் தூங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பார்லியையும் தண்ணீரையும் பற்றி எவ்வளவு எழுதினாலும், காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகுவலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் என்று எது வந்தாலும் அது சமையலறையின் எல்லையைத் தாண்டிவிட்டது. கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆண்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் எரிச்சல் தொடங்கிய உடனேயே பலதுறை மருந்தகத்துக்கோ பக்கத்துக் கிளினிக்குக்கோ போவது நல்லது. வயதானவர்களுக்கு வலியே இல்லாமல் குழப்பமாகப் பேசுவதுகூட அறிகுறியாக இருக்கலாம். அப்புறம் ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த பழைய ஆன்டிபயாட்டிக்கில் நாலை எடுத்து முழுங்குவது வேண்டவே வேண்டாம். அந்தக் கிருமிக்கு அந்த மருந்து கேட்குமா என்று தெரியாது, அரைகுறையாகப் போட்டால் மிஞ்சுகிற கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. எந்த மாத்திரை சாப்பாட்டோடு, எது தனியாக, மைலோ எத்தனை மணிக்கு என்று நான் எழுதி ஒட்டியது. மூன்று மாதம் முன்பு பெரியம்மாவுக்கே எரிச்சல் வந்தபோது அது பயன்பட்டது. அன்றே கிளினிக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வந்து அந்தக் காகிதத்தை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார், சாதம் சாப்பிட்டு மாத்திரையைப் போட்டார். பிறகு எனக்கும் சேர்த்து இரண்டு தம்ளரில் பார்லி ஊற்றிக்கொண்டு வந்தார். சீனி போடவில்லை என்று சத்தியம் செய்தார். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கல்கண்டு போட்டிருந்தார்.